கழுத்துக்குக் குடித்த தண்ணீர்

ஒரு நேர்வுக்காகப் பிறப்பிக்கப்பட்ட ஆணையை இன்னொரு நேர்வுக்கு முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது. அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டிய எவருக்கும் இந்த விதி தெரியும். யாருக்காவது போனால் போகிறதென்று ஒரு சலுகை கொடுத்தால், ஆணையின் கடைசியில் இந்த வரியைச் சேர்த்துவிடுவோம். கண்காணிப்பாளராக இருந்த காலத்தில், இந்த ஒரு வரி விடுபட்டுப்போன குற்றத்துக்காகவே நான் பல கோப்புகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சும்மா அனுப்ப மாட்டேன். ஓரத்தில் குத்தலாக ஒரு குறிப்பும் எழுதி அனுப்புவேன். (என் பணி நிறைவு விழாவில் கூட்டம் குறைவாக இருந்ததற்கு அன்றைய மழைதான் காரணம் என்று இன்றுவரை நம்பி வருகிறேன்.)

அப்பேர்ப்பட்ட நான், என் மனைவியின் அடிவயிற்றுக்குப் பிறப்பிக்கப்பட்ட ஆணையை என்னுடைய கழுத்துக்கு நீட்டித்துக்கொண்டேன். இது அந்தக் கதை.

முதலில் கழுத்து. என் மனைவி மல்லிகாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. அது என்ன கணக்கோ, அத்தனை வார்த்தைகளும் போன பிறகு 'அது' என்ற ஒரு சொல் மட்டும் மிச்சம் இருந்தது. பசித்தாலும் அது, வலித்தாலும் அது, டிவியை நிறுத்தச் சொன்னாலும் அது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து குளியலறைக்கும் அவளை நான்தான் தூக்குவேன். அவளுடைய நல்ல கையை என் கழுத்தில் மாலைபோல் போட்டுக்கொண்டு ஒரே மூச்சில் எழுவேன். எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட இவ்வளவு நெருக்கமான படம் கிடையாது.

சில மாதங்களில் கழுத்து மனு கொடுத்துவிட்டது. இடது காதின் அடியிலிருந்து தோள் வரைக்கும் யாரோ கொக்கி மாட்டி இழுப்பது போன்ற வலி. இடது பக்கம் திரும்ப முடியாது. செம்பாக்கம் மெயின் ரோட்டைக் கடக்க வேண்டுமென்றால், தேரைத் திருப்புவதுபோல முழு உடம்பையும் திருப்பிப் பார்ப்பேன். நான் பார்த்து முடிப்பதற்குள் போக்குவரத்து நிலைமை மாறியிருக்கும்.

எலும்பு மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "எலும்பு வயசுக்குத் தகுந்த தேய்மானம்தான் சார். எனக்குச் சந்தேகம் சதை மேலதான். கிழிஞ்சிருக்கா, இல்ல இறுகிப்போய் முடிச்சு விழுந்திருக்கான்னு தெரியணும். அல்ட்ராசவுண்டு எடுத்துட்டு வாங்க" என்றார்.

இதைக் கேட்டதும் என் மகள் கவிதா பிடித்துக்கொண்டாள். மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஆட்களை வேலைக்கு எடுப்பவள் அவள். எந்த ஆள் எந்த வேலைக்குத் தாங்குவான் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவாள். என்னைப் பார்த்து ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தாள்.

"அப்பா, பெருங்களத்தூர்ல ஒரு ஹோம் பார்த்து வச்சிருக்கேன். நர்ஸ் இருக்காங்க, பிசியோ இருக்கு, பேச்சுப் பயிற்சி இருக்கு. ஒரு மூணு மாசம் அம்மா அங்க இருக்கட்டுமே."

"உங்கம்மா எங்கயும் போகமாட்டா."

"அம்மா சொன்னாங்களா?"

"அவ எப்படிச் சொல்லுவா?"

"அப்ப நீங்களா எப்படிப்பா சொல்றீங்க?"

பேசிப் பேசி ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். ஸ்கேன் என்ன சொல்கிறதோ அதுதான் முடிவு. கழுத்து தாங்கும் என்றால் மல்லிகா வீட்டில் இருப்பாள். தாங்காது என்றால் பெருங்களத்தூர். நாற்பது வருடத் தாம்பத்தியம் என் கழுத்துச் சதையின் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

தாம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். பெயர், வயது கேட்டு எழுதிக்கொண்டு, "சார், ஸ்கேனுக்கு வரும்போது நீங்க..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியும்மா. எல்லாம் தெரியும். நாங்க நிறைய ஸ்கேன் பார்த்தாச்சு" என்று வைத்துவிட்டேன்.

உண்மையில் ஒரே ஒரு ஸ்கேன்தான் பார்த்திருந்தேன். பல வருடங்களுக்கு முன்னால் மல்லிகாவுக்கு வயிறு முழுக்க எடுத்த அல்ட்ராசவுண்டு. வெறும் வயிற்றோடு வர வேண்டும், ஒரு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் குடிக்க வேண்டும், ஸ்கேன் முடிகிற வரைக்கும் சிறுநீர் கழிக்கக் கூடாது. அன்றைக்கு அவளைக் குடி குடி என்று மிரட்டியவன் நான். அவள் பாதியில் எழுந்து போகப் பார்த்தபோது நடைமுறை விதிகளை எடுத்துச் சொல்லி உட்கார வைத்தவனும் நானே. அல்ட்ராசவுண்டு என்றால் அல்ட்ராசவுண்டுதான். வயிறாவது, கழுத்தாவது.

அது தீபாவளிக்கு முந்தைய வாரம். மல்லிகாவைப் பார்த்துக்கொள்ளப் பகலில் வருகிற தேவி ஊருக்குப் போய்விட்டாள். ஆகவே மல்லிகாவையும் சக்கர நாற்காலியில் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவு. கவிதா ஆபீஸிலிருந்து நேராக வந்துவிடுவாள்.

காலையில் இட்லியைத் தொடவில்லை. மல்லிகாவுக்கு ஊட்டிவிட்டு, அவள் எதிரிலேயே உட்கார்ந்து செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தேன். இரண்டாவது செம்பில் அவள், "அது... அது..." என்றாள். இடது கையால் தன் கழுத்தைத் தொட்டாள். பிறகு என் செம்பைக் காட்டினாள்.

"ஆமா, கழுத்து ஸ்கேனுக்குத்தான்" என்றேன், அவளுக்குப் புரிந்துவிட்ட மகிழ்ச்சியில்.

மூன்றாவது செம்பை எடுத்தபோது எட்டித் தட்டிவிட்டாள். தரையெல்லாம் தண்ணீர். "உனக்கும் தாகமா? கேட்டா குடுக்கமாட்டேனா?" என்று சொல்லி, ஸ்பூனால் அவளுக்கும் கொஞ்சம் புகட்டினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நோயின் தன்மை என்று எடுத்துக்கொண்டேன். (எழுத்துப்பூர்வமாக வராத எதையும் நான் ஆட்சேபணையாகக் கருதியதில்லை.) கொட்டிய தண்ணீருக்கு ஈடாக இன்னொரு செம்பும் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

ஸ்கேன் சென்டரில் நல்ல கூட்டம். கழிவறைக் கதவுக்குப் பக்கத்திலேயே ஒரு பலகை: 'ஸ்கேன் முடியும் வரை சிறுநீர் கழிக்க வேண்டாம்.' என் அறிவுக்கு அரசு முத்திரை குத்தியதுபோல் இருந்தது. மல்லிகாவின் நாற்காலியை அதற்கு எதிரிலேயே நிறுத்தி, பலகையைச் சுட்டிக் காட்டினேன். "அது" என்றாள், அலுப்பாக.

என் பக்கத்து நாற்காலியில் ஒரு பெண்மணி கழுத்தைக் கோணலாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெயர் கன்னியம்மா. கோவளம் பக்கத்துக் குப்பம். தலைச் சுமையாக மீன் விற்றே கழுத்து போய்விட்டதாம்.

"உனுக்கும் கயுத்தா சார்? மீன் கூடயா தூக்கன?"

"இல்லம்மா. இவங்கள."

மல்லிகாவை ஏற இறங்கப் பார்த்தார். "எம் மீன் கூடயே தேவலாம் போல கீது. எறக்கி வச்சிட்டா வித்துப்பூடும்" என்றார். மல்லிகாவின் உதடு லேசாக அசைந்தது.

அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"காலீல டீ குச்சேன்."

"டீ இல்லம்மா. ஒரு லிட்டர் தண்ணி. குடிக்கலன்னா ஸ்கேன் எடுக்கமாட்டாங்க. திருப்பி அனுப்பிடுவாங்க."

"ஐயய்யோ! யாவாரத்த வுட்டுட்டு வந்துக்கீறேன் சார். யாருமே சொல்லலியே!"

"அங்க போர்டு போட்டிருக்கு பாருங்க."

"எனுக்குப் படிக்கத் தெரிஞ்சா நான் இன்னாத்துக்கு சார் மீன் விக்கிறேன்?" என்று ஓடிப்போய், எதிர்க் கடையில் இரண்டு பாட்டில் வாங்கி வந்து, என் மேற்பார்வையில் குடித்து முடித்தார். "நல்லா இருப்ப சார். படிச்சவங்க பக்கத்துல உக்காந்தா இதான்" என்று வாழ்த்தினார். பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒருவர் என் வழிகாட்டுதலை உடனடியாக அமல்படுத்தியது அதுதான் முதல் தடவை.

டாக்டர் வரத் தாமதமானது. வந்த பிறகு கர்ப்பிணிகளை முதலில் அழைத்தார்கள். நியாயம்தான். ஆனால் அன்றைக்குத் தாம்பரத்தில் இருந்த கர்ப்பிணிகள் எல்லோரும் எனக்கு முன்னால் வந்துவிட்டது போலிருந்தது. குடித்த தண்ணீர் தன் இருப்பைத் தெரிவித்தது. பிறகு நினைவூட்டு அனுப்பியது. பிறகு இறுதி எச்சரிக்கை. நான் கால்மேல் கால் போட்டேன், காலை மாற்றினேன், எழுந்து நின்றேன், நிற்பது அதைவிட மோசம் என்று தெரிந்து உட்கார்ந்தேன். எதிரில் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரத்தின் குழாய் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது.

கவிதா போன் செய்தாள். "அப்பா, தீபாவளி டிராபிக். பெருங்களத்தூர்லயே நிக்கிறேன். நீங்க உள்ள போய்ட்டீங்களா? ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு? ரொம்ப வலியா?"

"சமாளிக்கிறேம்மா" என்றேன். பொய் இல்லை.

"சார், நானு ஒருதபா போய்ட்டு வந்துரட்டா?" என்றார் கன்னியம்மா, முகம் வெளிறி.

"போனீங்கன்னா மறுபடியும் முதல்லேருந்து குடிக்கணும்."

உட்கார்ந்துவிட்டார்.

ஒருவழியாக என்னைக் கூப்பிட்டார்கள். மல்லிகாவைத் தனியாக வெளியே விட முடியாது. நாற்காலியையும் தள்ளிக்கொண்டு உள்ளே போய், மூலையில் நிறுத்தினேன். சட்டையைக் கழற்றி, ஒரு ஸ்டூலில் டாக்டருக்கு முதுகைக் காட்டி உட்காரச் சொன்னார்கள். டாக்டர் இளம்பெண். கழுத்தில் பசையைத் தடவினார். ஐஸ் போன்ற பசை. அந்த நிலைமையில் உள்ளவன்மீது ஐஸ் போன்ற எதையும் தடவக் கூடாது என்று ஒரு விதி இருக்க வேண்டும்.

"வலி இல்லாத பக்கத்தை முதல்ல பார்க்கிறேன் சார். அதோட ஒப்பிட்டாத்தான் இந்தப் பக்கம் என்னன்னு தெரியும்."

சரியான நடைமுறை. பாராட்டத் தோன்றியது. வாயைத் திறந்தால் வேறொன்றும் திறந்துவிடும் என்று பேசாமல் இருந்தேன். எதிர்த் திரையில் என் கழுத்து தெரிந்தது. சாம்பல் நிறத்தில் கோடு கோடாக, பல தடவை துவைத்த லுங்கி மாதிரி. இவ்வளவு நாளும் இந்த லுங்கியில்தான் மல்லிகாவைத் தொங்கவிட்டிருக்கிறேன்.

"தோளை லூசா விடுங்க சார்."

விட்டேன்.

"இல்ல சார், இறுக்கிட்டிருக்கீங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கல்லு மாதிரி இருக்கு. இப்படி இருந்தா வித்தியாசம் எப்படித் தெரியும்? தளர்த்துங்க."

அவருக்கு எப்படிச் சொல்வது? உடம்பில் ஒரு தசையைத் தளர்த்தினால் இன்னொன்றும் சேர்ந்து தளரும் என்ற அபாயத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

"பல்லைக் கடிக்காதீங்க. மூச்சை விடுங்க. என்ன சார் பயம்? ஊசியெல்லாம் கிடையாது."

பயம் இருந்தது. அந்தக் கோடுகளுக்கு நடுவே ஒரு கிழிசல் தெரிந்தால், என் பின்னால் மூலையில் உட்கார்ந்திருப்பவள் தீபாவளிக்கு வேறு இடத்தில் இருப்பாள். இரவில் 'அது' என்று கூப்பிட்டால் யாரோ ஒரு நர்ஸ் வருவாள். அவளுக்கு எந்த 'அது' எது என்று எப்படித் தெரியும்? நான் தளர்ந்தால்தான் உண்மை தெரியும். உண்மை தெரியாவிட்டாலும் கவிதா விடமாட்டாள். சரி, நடப்பது நடக்கட்டும் என்று மூச்சை விட்டேன். தோள் இறங்கியது.

"ஆங், வெரி குட். இப்பத் தெரியுது பாருங்க. கிழியல. ஆனா இங்க கருப்பா ஒரு திட்டு, இதுதான் முடிச்சு. அழுத்தறேன், இதே வலிதானான்னு சொல்லுங்க" என்று, டாக்டர் அந்த இடத்தில் கருவியை வைத்து அழுத்தினார்.

அதே வலிதான். உச்சந்தலை வரைக்கும் மின்னியது. ஆமாம் என்று என் வாய் சொல்வதற்கு முன்பே உடம்பின் வேறொரு பாகம் பதில் சொல்லிவிட்டது.

அதை விவரிக்க வேண்டியதில்லை. காலையிலிருந்து சேர்த்தது முழுவதும். ஸ்டூலிலிருந்து தரைக்கு, தரையிலிருந்து இயந்திரத்தின் சக்கரம் வரைக்கும். உதவிக்கு நின்ற பெண் "மேடம், வயரு!" என்று கத்தினாள். நான் எழுந்து நின்று (நின்றபோதும் நிற்கவில்லை) அறிக்கை கொடுக்கும் தோரணையில், "மன்னிக்கணும் மேடம். விதிப்படி ஒரு லிட்டருக்கு மேலயே குடிச்சுட்டேன்" என்றேன்.

டாக்டர் கருவியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"கழுத்துக்கா?"

அந்த அறையின் அமைதியில் ஒரு சத்தம் கேட்டது. முதலில் இருமல் என்று நினைத்தேன். மல்லிகா சிரித்துக்கொண்டிருந்தாள். விழுந்துபோன பாதி முகமும் விழாத பாதி முகமும் சேர்ந்து, கண்ணீர் வழிய வழிய, நாற்காலி குலுங்கச் சிரித்தாள். பக்கவாதம் வந்த பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

பச்சை நிறத் துணி ஒன்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, மல்லிகாவைத் தள்ளியபடி வெளியே வந்தேன். கழிவறையிலிருந்து கன்னியம்மா வந்துகொண்டிருந்தார். இதற்குள் அவர் வரவேற்புப் பெண்ணிடம் கேட்டுவிட்டார் போலிருக்கிறது.

"யோவ் பெரிசு! நில்லுய்யா! கயுத்துல இன்னாய்யா மூத்திரப்பை கீது?"

மொத்தக் கூடமும் திரும்பிப் பார்த்தது. கர்ப்பிணிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"நல்லா கீறவள உசுரு போவ உக்கார வச்சிக்கினு, போர்டு காட்றான் போர்டு!" பிறகுதான் என் இடுப்புத் துணியைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஐய... உனுக்கே ஆய்ப்பூச்சா? சரி வுடு, போ. வூட்டுக்குப் போயி சுடுதண்ணில குளி."

திட்டியதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். இந்த இரக்கத்தைத் தாங்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு கவிதா உள்ளே வந்தாள்.

ரிப்போர்ட்டில் கிழிசல் இல்லை. தசை இறுகி, முடிச்சு விழுந்திருந்தது. ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். கடைசியில் டாக்டர் வாயால் சொன்னதைக் கவிதா கேட்டுக்கொண்டாள்: மூன்று மாதம் கனமான பொருள் எதையும் தூக்கக் கூடாது, தூக்கினால் அடுத்த முறை கிழிந்த தசையைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

"பொருள்னுதான் சொன்னாங்க. உங்கம்மா பொருள் இல்ல" என்றேன்.

கவிதா சிரிக்கவில்லை. காரை எடுத்தாள். தாம்பரம் மேம்பாலத்தின் மேல் வண்டிகள் நகரவில்லை. பின் சீட்டில், ஈரத் துணியோடு மல்லிகாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. அவமானம், வலி, அடுத்து என்ன நடக்கப் போகிறதென்று தெரிந்துவிட்ட ஆத்திரம், எல்லாம் சேர்ந்து அவள் பக்கம் திரும்பினேன். (முழு உடம்பையும் திருப்பித்தான்.)

"என்னடி சிரிப்பு? கழுத்துக்குத் தண்ணி வேணாம்னு உனக்குத் தெரியும் இல்ல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

சிரிப்பு நின்றது. அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். கவிதா கண்ணாடியில் என்னைப் பார்த்து, "அம்மாகிட்ட போய் இப்படிக் கேக்கறீங்களேப்பா" என்றாள், மெதுவாக.

தீபாவளி முடிந்ததும் மல்லிகாவைப் பெருங்களத்தூருக்குக் கொண்டு விட்டோம். கட்டிலில் படுக்கவைத்துவிட்டு நான் கிளம்பியபோது, சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு "அது" என்றாள். எந்த அது என்று எனக்குத் தெரிந்தது. தெரியாததுபோல் வெளியே வந்தேன். செம்பாக்கத்திலிருந்து தாம்பரம், அங்கே பஸ் மாறிப் பெருங்களத்தூர் என்று தினமும் போனேன். வெறும் கையோடு இருந்ததில் கழுத்து குணமாகிக்கொண்டே வந்தது. அதைப் போலக் கேவலமான குணம் வேறு இல்லை.

அங்கே எல்லோருக்கும் நான் 'தண்ணி சார்' ஆகியிருந்தேன். கவிதாவின் கைங்கரியம். புதிதாக வரும் ஒவ்வொரு நர்ஸுக்கும் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணுக்கு மட்டும் பல தடவை சொல்லியிருப்பேன். மல்லிகா கேட்டுக்கொண்டே இருப்பாள். கதையை எப்போதும் ஒரே மாதிரிதான் முடிப்பேன்.

ஒரு நாள் போகும் வழியெல்லாம் பழைய பாய் எரியும் புகை. இட்லி ஊட்டிக்கொண்டே ஒரு புது நர்ஸுக்குக் கதை சொல்லி, வழக்கம்போல, "இவளாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்று முடித்தேன். மல்லிகா என் கையைத் தள்ளினாள். தன் கழுத்தைத் தொட்டாள். மேசைமேல் இருந்த டம்ளரைக் காட்டினாள். பிறகு அதைத் தட்டிவிட்டாள். வாய் கோணி, உதடு துடித்து, எங்கிருந்தோ இழுத்துக் கொண்டுவந்தாள்.

"சொன்...னேன்."

தரையெல்லாம் தண்ணீர். நர்ஸ் துணி எடுக்க ஓடினாள். நான் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது மல்லிகா வீட்டில் இருக்கிறாள். இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டால், ஒற்றைக் காலில் எழுந்து நிற்கிறாள். தூக்க வேண்டியதில்லை. ஒரு கைப்பிடி வார்த்தைகள் வந்திருக்கின்றன. அதிகம் புழங்குவது அந்த ஒன்றுதான். பால் பொங்கி வழிந்தாலும், பஸ்ஸைத் தவறவிட்டாலும், நான் கண்ணாடியைத் தேடினாலும், உள்ளேயிருந்து "சொன்னேன்" என்று குரல் வரும். பெரும்பாலும் சொல்லியிருக்க மாட்டாள். கவிதா போன் செய்தால் ஹலோவுக்குப் பதிலாக, "அப்பா, தண்ணி குடிச்சீங்களா?" என்கிறாள். கழுத்து குளிர்காலத்தில் இன்னும் பிடித்துக்கொள்கிறது. ஸ்கேனுக்குப் போகச் சொல்கிறார்கள். பரிசீலனையில் இருக்கிறது.

என் கேள்வி அனுப்பப்பட்டது தீபாவளிக்கு முந்தைய வாரம், தாம்பரம் மேம்பாலத்தின் மேல். பதில் வந்து சேர்ந்தது போகிப் பண்டிகை அன்று.